சவுந்தரி போகாத ஊர்கள்

நமக்கு முன் சீட்டில் தலை நிறையக் கனகாம்பரமும் கையில் எலுமிச்சம்பழமுமாக உட்கார்ந்திருக்கிறாளே ஒரு பெண், அவளைக் கொஞ்சம் பாருங்கள் தம்பி. காஷ்மீரில் பனிமேல் நடந்த பெண் மாதிரித் தெரிகிறதா? ராஜஸ்தான் பாலைவனத்தில் தன்னந்தனியாகக் கூடாரம் அடித்துத் தூங்கினவள் மாதிரித் தெரிகிறதா?

தெரியாது. ஏனென்றால் போகவில்லை. பள்ளிக்கூடம் படித்த காலத்துக்குப் பிறகு அவள் திண்டுக்கல் எல்லையைத் தாண்டுவது இன்றைக்குத்தான். ஆனால் போனை எடுத்து ‘ஊர் சுற்றும் சவுந்தரி’ என்று அடித்துப் பாருங்கள். பனிமலைக்கு முன்னால் நிற்பாள், ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நிற்பாள், அந்தமானில் ஆமை முதுகில் கை வைத்துக்கொண்டு நிற்பாள்.

என் மகள்தான். சத்தமாகவே பேசலாம், அவளுக்குக் கேட்காது. காதில் ஒயர் மாட்டியிருக்கிறாள் பாருங்கள். பாட்டு ஓடுகிறது.

நீங்கள் எதுவரைக்கும்? குமுளியா? நல்லது. நாங்கள் தேனி தாண்டி வீரபாண்டியில் இறங்குகிறோம். அதற்குள் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். படித்தவராகத் தெரிகிறீர்கள், படிக்காவிட்டாலும் பரவாயில்லை, முழுசாகக் கேட்டால் போதும்.

நான் நாகரத்தினம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு லாட்ஜில் முப்பது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன். நான் எந்த ஊருக்கும் போனதில்லை தம்பி. ஊர்களெல்லாம் என் முன்னால் வந்து கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கிக்கொண்டு போயின. ஒரு தடவை ராஜஸ்தானிலிருந்து ஒரு ஒட்டகம் வந்து சிங்கிள் ரூம் கேட்டது. சரி, ஒட்டகக்காரன் கேட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாடிப்படியில் சாணி கிடந்தது உண்மை.

லாட்ஜை இடித்துத் துணிக்கடை கட்டினார்கள். துணிக்கடையில் கிழவனுக்கு என்ன வேலை? வீட்டுக்காரி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். நானும் மகளும், ஒரு வாடகை வீடும். அவள் தையல் மிஷினை மிதிப்பாள்; நான் விட்டத்தைப் பார்ப்பேன். அப்போதுதான் பழைய லாட்ஜ் ஆசாமி ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. “ஊர் சுத்துறேன், அதை நெட்டுல பிளாக்ல எழுதுறேன், அதுலயே சாப்பிடுறேன் சார்.” அடடா, இதில் சுற்றுவதைக் கழித்துவிட்டால் மிச்சத்தை நான் செய்யலாமே என்று பட்டது.

முதலில் என் பெயரில்தான் ஆரம்பித்தேன். ‘நாகரத்தினத்தின் நெடும்பயணம்’. படித்தவர்கள் மூன்று பேர். நான், என் மகள், மலேசியாவிலிருந்து ஒருத்தர். அவரும் வழுக்கைக்கு என்ன எண்ணெய் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் தெரு ஸ்டூடியோக்காரர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்: “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க மூஞ்சியை நீங்களே விடிஞ்சா கண்ணாடியில பார்க்கறதோட சரி. பாப்பா படத்தைப் போடுங்க.”

போட்டேன். அவரே வெட்டி ஒட்டினார். ஒரே ஒரு போட்டோ, தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் சுடிதார் போட்டோ. அதைத்தான் பனிமலையிலும் வைத்தார், பாலைவனத்திலும் வைத்தார்.

நான் சொல்வேன், அவள் போனில் அடிப்பாள். தம்பி, நான் எழுதினதையெல்லாம் நீங்கள் படிக்கணும். மலைக்கு மேல் ஒரு ஊர். அங்கே மூடுபனி எவ்வளவு கெட்டி என்றால், பொம்பளைகள் துவைத்த துணியைக் கொடி கட்டாமல் மூடுபனிமேலேயே காயப்போடுவார்கள். சாயங்காலம் வெயில் வந்து பனி விலகினால் துணியெல்லாம் பொத்தென்று விழும். அதுதான் அந்த ஊருக்குக் கடிகாரம். இன்னொரு ஊரில் எருமையை நேராக டிக்காஷன் சட்டிமேல் கறந்து டீ போடுவான். எருமைக்கே சர்க்கரை அளவு தெரியும்.

சிரிக்கிறீர்கள். சனங்கள் சிரிக்கவில்லை தம்பி, மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்! போனவர்களில் ஒருத்தராவது பொய் என்று எழுதணுமே? ‘நாங்கள் போன அன்று மூடுபனி சரியில்லை’ என்று எழுதினார்கள். டிக்கெட் போட்டுப் பிள்ளைகுட்டியோடு போனவன், ஏமாந்தேன் என்று எப்படி எழுதுவான்? அங்கே இல்லாத லாட்ஜை நான் எழுதப்போய், யாரோ ஒருத்தன் அதே பெயரில் லாட்ஜ் கட்டிவிட்டு, எனக்கு நன்றி சொல்லி ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்பினான். இது சத்தியம். பேரிக்காய் புளிப்பு.

விளம்பரம் வந்தது. பை கம்பெனிக்காரன் பை அனுப்பினான், செருப்புக் கம்பெனிக்காரன் செருப்பு அனுப்பினான். வாடகையும் மளிகையும் அதில்தான் ஓடுகிறது. வாசல் தாண்டாதவளுக்கு நாலு ஜோடி மலையேறும் செருப்பு!

அவளும் நடுநடுவே ஒரு வரி சேர்ப்பாள். “அப்பா, அங்க குளிர் எப்படிப்பா இருக்கும்?” என்பாள். “பல்லு தந்தியடிக்கும்னு போடு” என்பேன். அவள் அதை விட்டுவிட்டு, ‘குளிர் என்றால் யாரோ நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது’ என்று எதையாவது அடித்துவைப்பாள். குழம்பில் கறிவேப்பிலை மாதிரிதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். சனங்கள் என்னடாவென்றால் குழம்பை விட்டுவிட்டு அந்தக் கறிவேப்பிலையைத்தான் பொறுக்கிப் பொறுக்கிப் பாராட்டுகிறார்கள். ருசி தெரியாத ஜென்மங்கள்.

எங்கே விட்டேன்? வினை. இந்த எழுத்தால் வந்த வினைக்கு வருகிறேன்.

அவளுக்கு முப்பத்தொன்று நடக்கிறது. முதலில் வந்த வரனில், பையனுக்கு அப்பா போனில் இவள் பெயரை அடித்துப் பார்த்திருக்கிறார். “உங்க பொண்ணு மணாலியில தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கே?” என்றார். “ஐயா, அது முக்குக் கடைக்குக்கூடத் தனியா போகாதுங்க” என்றேன். “அப்ப போட்டோவுல நிக்கிறது யாரு, நீங்களா?” என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அடுத்து வந்தவர்களும் அப்படி. அதற்கடுத்து வந்தவர்கள் வாசல்வரைகூட வரவில்லை, புரோக்கரிடமே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

போன ஒரு ஆளைப் போனான் என்று நிரூபிக்கலாம் தம்பி. டிக்கெட் இருக்கும், சாட்சி இருக்கும். போகாதவளைப் போகவில்லை என்று எதை வைத்து நிரூபிப்பது? வீட்டில் இருந்தாள் என்பதற்கு எவன் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறான்?

இப்போது வந்திருப்பது சின்னமனூர் இடம். தெய்வேந்திரன், வாழைத்தார் மண்டி. தங்கமான பையன். விடியுமுன்னே மண்டி திறந்தால் சாயங்காலம்வரை நகர முடியாது. அவன் அம்மா தனபாக்கியம், அது வேறு ரகம். போனில் படத்தையெல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் என்ன சொன்னது தெரியுமா? “ஒரே சுடிதாரை வச்சே இந்தியா பூரா சுத்தியிருக்கா. சிக்கனமான பொண்ணுதான். ஆனா ஊர்மேஞ்ச பொண்ணு எங்களுக்கு ஆகாது.”

காலில் விழாத குறையாக எடுத்துச் சொன்னேன். பொய்யம்மா, நான் கட்டின கதையம்மா, வயிற்றுப்பாட்டுக்கு எழுதினதம்மா. கடைசியில் இறங்கி வந்தது. “சரி. வீரபாண்டி கோயிலுக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. ஆத்தா முன்னாடி சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும், வெளியூரையே பார்த்ததில்லைன்னு. அன்னைக்கே பூ வச்சிர்றேன்.”

நல்லதாகப் போயிற்று, இல்லையா? பொய் சொன்ன வாயால் முதல் தடவையாக ஒரு உண்மை. எரிகிற சூடத்தைக் கையால் அணைத்தாலும் சுடாத உண்மை. நிம்மதியாக இருந்தேன். அப்போது வந்தது மாப்பிள்ளையிடமிருந்து போன், அம்மாவுக்குத் தெரியாமல்.

“மாமா, அம்மா என்ன சொன்னாலும் நீங்க பயந்து எதையும் மறைக்க வேண்டாம். சவுந்தரி எழுதறதை ஒண்ணு விடாம படிக்கிறேன். நான் இந்த மண்டியையும் வாழைத்தாரையும் தவிர எதையும் பார்த்ததில்லை. கட்டினா இந்தப் பொண்ணைத்தான் கட்டணும்னு இருக்கேன். அந்த மூடுபனியில துணி காயப்போடற ஊருக்கு எங்களை அனுப்பி வைங்க, அது போதும்.”

விளங்குகிறதா தம்பி என் நிலைமை? உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளை போச்சு. பொய்யைச் சொன்னால் சம்பந்தியம்மா போச்சு. அம்மாக்காரிக்கு வேண்டாத பெண்தான் மகனுக்கு வேண்டும். மகனுக்கு வேண்டிய பெண் உலகத்திலேயே கிடையாது, ஸ்டூடியோக்காரர் ஒட்டினது.

ஒரு யோசனை வைத்திருக்கிறேன். கேட்டுச் சொல்லுங்கள். கோயிலில் அவள் சூடத்தை அணைத்து உண்மையைச் சொல்லட்டும். சாமிக்கும் சம்பந்திக்கும் அது போதும். அப்புறம் மாப்பிள்ளையைத் தேங்காய் உடைக்கிற பக்கம் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், “உங்கம்மாவுக்காக அப்படிச் சொல்லச் சொன்னேன் மாப்பிள்ளை, அவள் பார்க்காத மலையா” என்று நான் சொல்லிவிடுவேன். மூன்று பேரில் இரண்டு பேருக்கு உண்மை. என் வழக்கத்துக்கு இது ரொம்ப ஜாஸ்தி.

அவளிடம் என்ன, “நீ வாயைத் திறக்காதே. மாமியார் கேட்டா இப்படித் தலையாட்டு, மாப்பிள்ளை கேட்டா அப்படித் தலையாட்டு” என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடக்கமான பெண்.

அவளுக்கு என்ன இஷ்டம் என்று கேட்டேனா? இது என்ன கேள்வி? அவளுக்குத் தெரியாதா எது நல்லது என்று? ஒரு தடவை அவளாகவே வாயைத் திறந்தாள். “ஒரே ஒரு ஊருக்கு நெஜமாவே போய்ட்டு வர்றேம்பா. எழுதறதுக்கும் நல்லா இருக்கும்.” நான் சொன்னேன், “கண்ணு, உனக்கு வாந்தி வரும்.” வரும் தம்பி! பள்ளிக்கூடத்தில் வைகை அணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் குடலே வெளியே வருகிற மாதிரி எடுத்துவிட்டாள். டீச்சரம்மா கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வீட்டில் விட்டது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம் நான் அவளைப் பஸ்ஸிலேயே ஏற்றவில்லை. எடுக்கத்தானே செய்வாள்? இன்றைக்கும் அதற்குத்தான் எலுமிச்சம்பழம். இன்னும் எடுக்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

சிரித்துப் பேசுகிறேன் என்று பார்க்காதீர்கள். உள்ளே கொதிக்கிறது. இந்த இடமும் தவறினால் இவளுக்கு வேறு இடம் கிடையாது என்று புரோக்கர் கையை விரித்துவிட்டார். எனக்கு இரண்டு தடவை மூச்சு நின்று வந்திருக்கிறது. எமன் வந்து கவுண்டரில் நிற்கும்போதெல்லாம் ‘ரூம் காலி இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாளைக்கு அனுப்ப முடியும்? நான் கண்ணை மூடினால் அந்த வீட்டில் ஒரு தையல் மிஷின், நாலு ஜோடி செருப்பு, இவள். அவ்வளவுதான். இன்றைக்குப் பூ வைத்தாக வேண்டும் தம்பி. வைத்தே ஆகவேண்டும்.

வத்தலக்குண்டு வந்துவிட்டது. பஸ் கொஞ்சம் நிற்கும். வாருங்கள், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். சவுந்தரி! ஏ, சவுந்தரி! பார்த்தீர்களா, காதே கேட்கவில்லை. உட்கார்ந்திருக்கட்டும். டீ குடித்தால் இவளுக்கு ஆகாது.

*

டீயா அது, கழுநீர். நான் எழுதின எருமை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பஸ் கிளம்பிவிட்டது, நல்லவேளை ஓடி வந்தோம்.

என்ன தம்பி? முன் சீட்டில் என்ன?

இது யார், கூடை வைத்துக்கொண்டு ஒரு அம்மா? அம்மா, இங்கே கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஒரு பெண்... இறங்கிவிட்டாளா? கண்டக்டர்! ஐயா, கண்டக்டர்! என் மகள் இன்னும் ஏறவில்லை, வண்டியை நிறுத்துங்கள்!

கேட்டீர்களா தம்பி, இந்த ஆள் சொல்வதை? “பெருசு, அந்தப் பொண்ணு கொடைக்கானல் பஸ்ல ஏறிருச்சு. ‘எங்கப்பா கத்துவாரு, முன்னாடி போற பஸ்லதான் போறேன்னு சொல்லிருங்க’ன்னு சொல்லிட்டுத்தான் போச்சு. நீங்க கத்திட்டீங்க, நான் சொல்லிட்டேன்.”

அதோ! அதோ போகிறதே, மூட்டை ஏற்றின பஸ், அதுவா? அதேதானா? டிரைவர் தம்பி, கொஞ்சம் அழுத்துங்கள், ஹாரன் அடியுங்கள், உங்களுக்குக் கோடிப் புண்ணியம். என்ன, இறங்கி ஓடச் சொல்கிறாரா? ஓடுவேன், இரண்டு தடவை மூச்சு நிற்காமல் இருந்திருந்தால் ஓடுவேன்!

போன் அடித்துப் பார்க்கிறேன். மணி போகிறது, எடுக்கவில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள், அதுதான்.

என்ன சொல்கிறீர்கள் தம்பி? நாம் டீக்கு இறங்கும்போதுகூடப் பார்த்தீர்களா? காது ஒயரின் மறுமுனை எதிலும் சொருகாமல் மடியில் கிடந்ததா?

திண்டுக்கல்லில் இருந்தே அப்படித்தானா?

அப்படியானால் எல்லாம் கேட்டிருக்கிறாளா? ஒட்டினது என்று சொன்னதையும்? தேங்காய் உடைக்கிற பக்கம் தள்ளிக்கொண்டு போகிறதையும்? அதைத் தம்பி, அப்போதே சொல்லக் கூடாதா நீங்கள்? நான் பேச விட்டால்தானே என்கிறீர்கள். அதுவும் சரிதான்.

காட்ரோடு. இங்கேதான் பாதை பிரிகிறது. திரும்பாதே, திரும்பாதே... வலது பக்கம் திரும்பிவிட்டது. ஜன்னலில் ஒரு கை தெரிந்ததே, பார்த்தீர்களா? என்னைப் பார்த்து ஆட்டினதா, வெளியே நீட்டிக் காற்றை அளந்ததா? நாம் நேரே போகிறோம். போய்விட்டது தம்பி.

மேலே அவளுக்கு யாரைத் தெரியும்? நான் எழுதினதைத் தவிர அவளுக்கு அந்த மலையைப் பற்றி ஒன்றும் தெரியாதே. நான் எழுதின டீக்கடை அங்கே இல்லை. பொம்பளைகள் துணியைக் கொடியில்தான் காயப்போடுவார்கள். ராத்திரி தங்க என்ன செய்வாள்? பேரிக்காய்க்காரன் லாட்ஜா? ஐயோ, அவனும் என் கதைதான் தம்பி. பேரிக்காய் நான் சந்தையில் வாங்கினது.

*

போன் அடித்து அடித்து விரல்தான் தேய்ந்தது, எடுக்கவில்லை. தேனி தாண்டிவிட்டோமா? இன்னும் கொஞ்சம்தான், வீரபாண்டி வந்துவிடும்.

ஒன்று தோன்றுகிறது தம்பி. என்னிடம் இருந்தது ஒரே ஒரு உண்மை. என் மகள் எந்த ஊருக்கும் போனதில்லை. முப்பது வருஷம் கவுண்டரிலும், அதற்கப்புறம் போனிலும் நான் சொன்னதில் அது ஒன்றுதான் சூடத்தை அணைத்துச் சொல்லத்தக்கது. அதைப் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். கோயில் வாசலுக்கு வருவதற்குள் அதையும் பொய்யாக்கிவிட்டாளே! இப்போது நான் போய் தனபாக்கியத்தின் முன்னால் எதை அணைப்பது? “அம்மா, காலையில கேட்டிருந்தா உண்மை” என்று சொல்லவா?

போன் சத்தம் போடுகிறது. அவளா? கண்ணாடி எடுத்து வரவில்லை, நீங்களே படியுங்கள். பிளாக்கா? பிளாக்கில் புதுசாகவா? நான் ஒன்றும் சொல்லவில்லையே இன்றைக்கு. யார் சொல்லி அடித்தாள்?

படம் இருக்கிறதா? மஞ்சள் சுடிதாரா? அவளே இல்லையா? ஜன்னல் கம்பியில் கனகாம்பரச் சரத்தைக் கட்டிவிட்டு, வெளியே ரோட்டை எடுத்திருக்கிறாளா? சரி, கீழே என்ன எழுதியிருக்கிறது? மெதுவாகப் படியுங்கள்.

‘மலைப் பஸ். தூரத்தில் வெள்ளை நூல் மாதிரி ஓர் அருவி. வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன், பாதியில் விட்டுவிட்டேன். குளிரைப் பற்றி இதுவரை இங்கே எழுதியதெல்லாம் தப்பு. வாந்தி வரவில்லை.’

அவ்வளவுதானா? இன்னொரு தடவை படியுங்கள். கடைசியை மட்டும்.

பொய் தம்பி. எனக்குத் தெரியாதா? அந்த வளைவுக்கு யானைக்கே தலை சுற்றும். எடுத்திருப்பாள், துடைத்துக்கொண்டு இப்படி எழுதுகிறாள். கூசாமல் எழுதுகிறாள். என் மகளாச்சே.

வீரபாண்டி, வீரபாண்டி என்கிறார். இறங்குகிறேன். அதோ ஆர்ச்சுக்குக் கீழே நிற்கிறது பாருங்கள், தட்டும் கையுமாக, அதுதான் தனபாக்கியம். பக்கத்தில் எட்டி எட்டி பஸ்ஸைப் பார்க்கிறானே, அவன்தான். பாவம், புதுச்சட்டை.

என்ன, கூடைக்காரம்மா? எலுமிச்சம்பழமா? சீட்டில் கிடந்ததா? ஆமாம், எங்களுடையதுதான். என் மகளுடையது. கொடுங்கள்.

தம்பி, வெளிச்சத்தில் இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், எனக்குக் கண் சரியில்லை. பஸ்ஸில் தலை சுற்றினால் நகத்தால் கீறித்தானே மோந்து பார்ப்பார்கள்? கீறல் இருக்கிறதா? நன்றாகத் திருப்பிப் பாருங்கள்.

ஒன்றுகூட இல்லையா?

கொடுங்கள். நகம் படாத பழம். சம்பந்தியம்மா கையில் கொடுக்க ஆகும்.